ஏழரை மணி வெளிச்சம்

போன் அடித்தது.

எடுக்க வேண்டிய நாகேந்திரம் ஆசுபத்திரிப் பிணவறையில் கிடந்தார்.

போன் விடவில்லை... அடித்துக்கொண்டே இருந்தது.

சப் இன்ஸ்பெக்டர் நிலாம் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரிசீவரை எடுத்தார்.

"என்னப்பா, முதல் மணியிலேயே எடுப்பீங்கள், இண்டைக்கு என்ன?"

ரொறன்றோவிலிருந்து மகன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி என்றால் அவன்தான். ஐந்து நிமிடம் பேசுவான். நான்கு வருடமாக வாரத்துக்கு அந்த ஐந்தே நிமிடம்!

நிலாம் சுற்றி வளைக்காமல் சொன்னார். நேற்று இரவு வீட்டில் பிணமாகக் கிடந்தார், தலையில் காயம், விசாரிக்கிறோம்.

மகன் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஆர் பக்கத்தில இருந்தது?"

நிலாம் வாயெடுக்குமுன் லைன் தானாக அறுந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடி வீடு அது. ஜன்னலில் சாய்ந்தபடி ஒருவன் நின்றான். தவயோகன். செத்தவரின் தங்கை மகன், நகரின் மறுகோடியில் கொட்டாஞ்சேனைவாசி. கண் சிவந்திருந்தது. அழுதானா, நித்திரை இல்லையா என்று சொல்ல முடியாது.

மூலையில் நாற்காலி நுனியில் ஒருத்தி. பாலேஸ்வரி. வயது முப்பத்தைந்து. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பாரிஸில் இருக்கும் புருஷனிடம் போக விசாவுக்காக மூன்று வருடமாகக் காத்திருப்பவள். பகலில் புடவைக் கடை வேலை, இரவில் நாகேந்திரம் வீட்டிலேயே ஓர் அறை.

பிணத்தை முதலில் பார்த்தவள் அவள்தான். நேற்றிரவு எட்டரைக்குக் கடையிலிருந்து வந்து கதவைத் திறந்தாளாம். வீடு கும்மிருட்டாம். காலில் ஏதோ தட்டியதாம். மேசைக் கரையில் தலை அடிபட்டு நாகேந்திரம் விழுந்து கிடந்தாராம்.

பெரிய இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டு முடிக்கவில்லை. வடக்கிலிருந்து வந்தவள்... கொழும்பில் தங்கப் பொலிஸில் போட்ட பதிவு காலாவதியாகி ஒரு கிழமை... வீட்டில் வேறு ஆள் இல்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? பகல் இரண்டு மணிக்கு மேலிடத்து ஜீப் வரும், ஆளை ஏற்றிவிடு என்று உத்தரவு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்த ஜீப்பில் ஏறினவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று ஒழுங்கையில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வாரில்லை.

பாலேஸ்வரியும் கேட்கவில்லை. ஒரு பையில் இரண்டு சட்டையும், புருஷனின் கடிதக் கட்டும் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். நிலாமுக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

நாகேந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. மலைநாட்டில் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்களில் அடிமண் தெரிந்தது. கொழும்பில் நாளுக்கு எட்டு மணித்தியாலம் மின்வெட்டு! காலி வீதிக் கடைகளில் ஜெனரேட்டர் இரைந்தது. உள் ஒழுங்கைகளுக்கு மெழுகுதிரியே கதி.

ஓய்வு பெற்ற எஞ்சினியர் நாகேந்திரம் சும்மா இருக்கவில்லை. கரண்ட் எட்டாத கிராமங்களுக்கென்று விற்கிற சூரியத் தகடு ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் பூட்டினார். அங்கிருந்து வயர் இறங்கிக் கட்டிலுக்குக் கீழே ஒரு பற்றரிக்குப் போகும். பற்றரியிலிருந்து மேசைக்கு மேலே இரண்டு குழல் விளக்கு. மழைக்குக் காத்திருக்கிற ஊரில் வெயில் வீணாய்ப் போகுதே என்று பார்த்தவர்களிடமெல்லாம் குறைப்பட்டார். கொழும்பு மொட்டைமாடிகள் எல்லாவற்றிலும் தகடு போட்டால் நீர்த்தேக்கமே வேண்டாம் என்று கணக்குக் காட்டினார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு வெளிச்சத்துக்காக இருந்தார்கள்.

அது அவருக்கும் தெரியும். மனைவி போய் ஆறு வருடம். அவருக்கு வேண்டியிருந்தது வெளிச்சமே அல்ல, ஆட்கள்! மாலை ஆறரைக்குக் கரண்ட் போனதும் ஒழுங்கைப் பிள்ளைகள் புத்தகத்தோடு மாடியேறுவார்கள். தாய்மார் தையலோடு வருவார்கள். ஒன்பது மணிவரை வீடு கலகலவென்றிருக்கும். அந்த இரண்டரை மணித்தியாலத்துக்காக மனிதர் பகல் முழுக்க வெயில் சேர்த்தார்.

நிலாம் தவயோகனிடம் திரும்பினார்.

நேற்று மாலை எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு அவனிடம் பதில் ஆயத்தமாக இருந்தது. ஆறு மணியிலிருந்து கொட்டாஞ்சேனையில், சிநேகிதன் றேமண்ட் வீட்டில். ஏழரைக்கு அங்கிருந்து மாமாவுக்குப் போன் எடுத்தான். பக்கத்தில் இருந்த றேமண்டுக்கு அவன் கதைத்தது கேட்டது. றேமண்டும் ஆமென்று சொல்லிவிட்டான்.

ஆக, ஏழரைக்கு மாமா உயிரோடு. எட்டரைக்குப் பிணம். நடுவில் வீட்டுக்கு வந்தவள் ஒருத்தி.

"மாமா என்ன சொன்னவர்?" நிலாம் கேட்டார்.

"வழக்கமாச் சொல்லுறதுதான். ஒழுங்கை முழுக்க இருட்டு, நான் மட்டும் வெளிச்சத்தில இருக்கிறன் எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

"வெளிச்சத்திலயா?"

"ஓம். சோலார் லைற். அதுக்குக் கீழதான் போன் இருக்கு."

"அப்ப, இந்தத் தங்கச்சி வரக்குள்ள வீடு ஏன் இருட்டு?"

"அவதான் லைற்றை நூத்திருப்பா, சேர். ஒருத்தரும் பாக்கக்கூடாது எண்டு."

பாலேஸ்வரி தலை நிமிர்ந்தாள்.

நிலாம் பேனையை மூடினார். அவன் சொன்னதை அவன் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். தவயோகன் மளமளவென்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டான். நிலாம் தாளை ஊதிக் காயவைத்து, இரண்டு தரம் படித்து, மடித்துப் பையில் வைத்தார்.

"தம்பி, அந்த சோலார் லைட்டை ஒருக்காப் போடுங்க."

தவயோகன் சுவிட்சைத் தட்டினான்.

எரியவில்லை.

மறுபடியும் தட்டினான். டக்... டக்...

"பல்ப் போயிருக்கும், சேர்."

"ரெண்டுமா? கட்டிலுக்குக் கீழ பாருங்க."

அவன் குனிந்தான்.

கட்டிலுக்குக் கீழே தூசி. தூசிக்கு நடுவில் சதுரமாக ஓர் இடம் மட்டும் சுத்தம். இரண்டு வயர் முனைகள் கறுப்பு ஒட்டுநாடா சுற்றி ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

குனிந்தவன் நிமிர நேரமெடுத்தான்.

"பெட்டரி என்ட மேசைக்குக் கீழ ஈக்கி," என்றார் நிலாம். "நேத்துக் காலைல நான்தான் கழட்டிக் கொண்டு போன."



நிலாம் ஒரு கடித உறையைத் திறந்தார். பிணத்தின் சட்டைப் பையில் இருந்த துண்டு. நாகேந்திரம் எஞ்சினியர் அல்லவா, பொலிஸ்காரனிடமே ரசீது கேட்டு வாங்கியிருந்தார். பற்றரி ஒன்று பெற்றுக்கொண்டேன், சனிக்கிழமை காலை 10.20, கீழே நிலாமின் கையெழுத்து.

"காலையில போன வெளிச்சத்தில, ஏழரைக்கு உங்கட மாமா எப்பிடித் தம்பி இருந்த?"

தவயோகன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு எல்லாம் தானாக வந்தது. மாமாவுக்குப் பிறகு இந்த வீடு தனக்குத்தான் என்று இருந்தானாம். மகன் கனடாவில், திரும்பப் போவதில்லை. ஆனால் மாமாவோ வீட்டைப் பாலேஸ்வரி பெயருக்கு எழுதப் போவதாக நேற்று நாலரைக்கு முகத்துக்கு நேரே சொன்னாராம். தள்ளினானாம். மேசையில் தலை அடித்ததாம். ஏழரைக்கு எடுத்த போனை யாரும் தூக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த மணியோடுதான் அவன் சிரித்துச் சிரித்துக் கதைத்தான்.

"விழுந்த உடன செத்திட்டார் எண்டுதான் நினைச்சனான்," என்றான்.

"சாகல்ல," என்றார் நிலாம்.

டாக்டர் காலையில் சொல்லியிருந்தார். இரத்தம் மெதுவாகத்தான் போயிருக்கிறது. ஏழு மணிக்காவது கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார்.

ஆறரைக்குக் கரண்ட் போனபோது பிள்ளைகள் புத்தகத்தோடு வாசல்வரை வந்திருக்கிறார்கள். மேலே வெளிச்சம் இல்லை. ஐயா எங்கோ போய்விட்டார் என்று திரும்பிவிட்டார்கள். விளக்கு எரிந்திருந்தால் பத்துப் பேர் மாடியேறியிருப்பார்கள்!

அந்த வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு போனது யார்?

திங்கட்கிழமை பரிசோதித்துத் திருப்பித் தருவதாகத்தான் நிலாம் சொன்னார். பொலிஸ் புத்தகத்தில் பதிந்தால் கிழவரை அலைய வைப்பார்கள் என்று பதியாமல் மேசைக்குக் கீழே தள்ளினார். நல்ல எண்ணம்தான். நாகேந்திரம் கதவருகில் நின்று கேட்டது இப்போதும் காதில் இருந்தது.

"திங்கள் மட்டும்தானே, சேர்? பிள்ளையள் வந்து ஏமாந்து போவினம்."

ஆர் பக்கத்தில இருந்தது என்று கேட்ட மகனுக்குச் சொல்ல வேண்டிய பதில் நிலாமுக்கு இப்போது கிடைத்தது. சொல்லத்தான் துணிவில்லை.

பாலேஸ்வரியிடம் போய், பையை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அவள் எழுந்தாள். நாலு அடி நடந்து நின்றாள்.

"இனி ஆருக்காக சேர் இந்த வீட்டுக்கு வாறது?" என்றாள்.

பற்றரியைச் சாயந்தரமே கொண்டுவந்து பூட்டித் தருவதாக மட்டும் சொன்னார்.

விலங்கு மாட்டும்போது தவயோகன் வெறித்துப் பார்த்தான்.

"நாலு மாசமா ஒருத்தரும் தொடாத பற்றரி. நேற்றைக்கெண்டு ஏன் சேர் எடுத்தனீங்கள்?"

நிலாம் மேல்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். பொலிசுக்கு வந்த, பெயரில்லாத மொட்டைப் பெட்டிசம். நாகேந்திரம் வீட்டில் வயரும் பெரிய பற்றரியும் உண்டு, இரவில் கடல் பக்கம் வெளிச்சம் காட்டுகிறார், உண்மை அறிந்த ஒரு பொதுமகன். பொலிஸ் நாலு தரம் கதவைத் தட்டினால் கிழவர் வெருண்டு, வீட்டை விட்டுவிட்டு மகனிடம் ஓடிவிடுவார் என்று யாரோ போட்ட திட்டம்.

பக்கத்தில் சற்று முன் தவயோகன் எழுதிக் கொடுத்த தாளைப் பிடித்தார்.

ஒரே சாய்வு. ஒரே சுழி. ஒரே கை!

தவயோகனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"வெள்ளிக்கிழமைதானே சேர் தபால்ல போட்டனான்... அடுத்த நாளே வருவீங்கள் எண்டு..."

"நானும் நினைக்கல்ல," என்றார் நிலாம். "பதினேழு வருஷ சேர்விஸ்ல ஒரு பெட்டிசத்துக்கு அடுத்த நாளே போனது இதான் முதல் தரம். உங்கட கெட்ட காலம் தம்பி... அண்டைக்கெண்டு எங்கட ஜீப்ல டீசல் இருந்திச்சி!"