பெதேலோவின் ஆழ்ந்த உரை

காலையில் முகம் துடைத்துவிடும்போது லோசா கணவனின் நெற்றியில் விரலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது, பிசைந்த மாவில் விழுந்ததுபோல.

பெதேலோவுக்கு வாரக்கணக்கில் சளி. ஊருக்காகப் பேசும் பேச்சுத்தலைவர் சபையில் மூக்கைச் சிந்துவதா? மஞ்சளாக ஒழுகியதையெல்லாம் கம்பீரமாக உள்ளே இழுத்துக்கொண்டார். மாத்திரையையும் பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு ஒழுகுவது நின்றது, தலைவலி வந்தது. நெற்றிக்குள் தேங்கிய சீழ் எலும்பைத் தின்றுவிட்டு மூளைக்குள் இறங்கும், உடனே தலைநகர் அப்பியாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மதியம் ஒரு கப்பல். அதைவிட்டால் திங்கட்கிழமைதான்.

அவர் சட்டையைக் காலில் மாட்ட முயன்றார். லோசா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஊர்த்தலைவர் லௌலுவிடம் ஓடினாள். மறுகரை ஊரே விருந்துக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

"அவங்க முன்னாடி, நம்மாளுக்குத் தலைவலின்னு சொல்லச் சொல்றியாம்மா?" என்றார் லௌலு. "பேசி முடிச்சிட்டுப் போகட்டும்."

வெயில் காய்ந்த திடலில், பன்றி வேகும் மண்ணடுப்பின் புகையும் கடலின் உப்பும் கலந்து வீச, அதற்கெல்லாம் அடியில் அவர் மூச்சிலிருந்து அவள் தலையணைவரை வந்துவிட்ட அந்த அழுகல் வாடை இவ்வளவு தூரத்திலும் தன் மூக்கைத் தேடி வருவதாகத் தோன்ற, லோசா பெண்களோடு நின்றாள். பெதேலோ கோலை ஊன்றினார். வணக்கங்கள் ஒழுங்காக வந்தன. பட்டங்கள் வரிசையாக வந்தன.

பிறகு, "மழையின் முழங்காலே, உப்பை உட்காரச் சொன்ன கதவே" என்றார்.

முதியவர்கள் கண்ணை மூடித் தலையசைத்தார்கள். பேச்சுத்தலைவர்களின் பழஞ்சொல் பாதிப் பேருக்குப் புரியாது; புரியவில்லை என்று இதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

"உன் வீட்டுக்காரர் இன்னிக்கு ரொம்ப ஆழமாப் போறாருடி" என்றாள் பக்கத்தில் நின்ற ஃபுவாத்தினோ.

"என்ன சொல்றாருன்னு உனக்குப் புரியுதா?"

"நமக்கே புரிஞ்சிட்டா அப்புறம் அவருக்கு என்ன மரியாதை?"

லோசா திடலுக்குள் காலெடுத்து வைத்தாள். நான்கைந்து கைகள் அவளைப் பிடித்தன. கோல் ஊன்றியிருக்கும்போது குறுக்கே போனால் ஊருக்கே இழுக்கு. அவரே உட்கார்ந்தால்தான் பேச்சு முடிந்ததாகக் கணக்கு. அவருக்கு உட்காரத் தெரியவில்லை. மறந்துவிட்டது. அது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

சொற்கள் உதிர்ந்தன. பிறகு சொல்லின் துண்டுகள். வலது கை துடித்தது. வாயின் ஒரு பக்கம் வழிந்து தொங்கியது. இடுப்புத்துணி நனைந்தது.

துறையில் கப்பல் ஊதியது.

"அவர் சாகறாரு" என்றாள் லோசா. யாரோ உஸ்ஸென்று அடக்கினார்கள்.

பெதேலோ திரும்பினார். கூட்டத்தில் அவளைத் தேடிக் கண்டுபிடித்தார். கண்களில் அவர் முழுசாக இருந்தார். கெஞ்சினார்.

"தோ" என்றார். "தோ. தோ. தோ."

எதிர்வரிசையில் விருந்தினரின் பேச்சுத்தலைவர் மெல்ல எழுந்தார். தோற்றுவிடக் கூடாதல்லவா. சாமரத்தைத் தோளில் போட்டார். நீண்ட நேரம் யோசித்தார்.

"தோ" என்று பதில் சொன்னார்.

சபை முழுவதும் ஒரே குரலில், "மாலியே" என்று மெச்சியது.