உள்ளறையில் கேட்ட உம்

இப்போதெல்லாம் வீடு காட்டுகிறவன் எவனும் வாயைத் திறந்து உண்மை சொல்வதில்லை. சாவியைக் கையில் திணிக்கிறான், ஒரு பிரச்சனையும் இல்லை என்கிறான், வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறான். அப்புறம் போன் போட்டால் எடுப்பதில்லை. என் மருமகன் ராஜ்கமலும் அந்த ரகம்தான். பெண்ணைக் கொடுத்துவிட்டேன், வேறென்ன சொல்ல.

ஐப்பசி மழையில் நெல்லிக்குப்பத்து வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறிவிட்டது. என் மனைவி பட்டம்மாளுக்கு ஏற்கெனவே இரண்டு நாளாகக் காய்ச்சல். ராஜ்கமல் எங்களைச் சிதம்பரத்துக்கு அழைத்துவந்து, அவன் முதலாளிக்குச் சொந்தமான பழைய ஓட்டு வீட்டில் இறக்கிவிட்டான்.

"மழ வுடுற வரைக்கும் இங்க இருங்க மாமா. நாலு நாள்தான்."

"ரொம்ப நாளா பூட்டியே கெடக்குது போல. ஏன் மாப்ள?"

"ஆள் கெடைக்கல மாமா." இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூடம் ஒழுகியது. ஒழுகாத இடம் உள்ளறை ஒன்றுதான். அதற்கு ஜன்னல் கிடையாது. ஈரச் சுண்ணாம்பு வாடைக்கு அடியில் இன்னொரு நாற்றம் இருந்தது. பல நாள் வாய் கழுவாத ஆள் முகத்துக்கு நேரே மூச்சு விட்டதுபோல. அங்கேதான் பட்டம்மாளைக் கட்டிலில் படுக்கவைத்தேன்.

கரண்ட் இல்லை. வெளிச்சத்துக்காக நான் வாசல் கதவோரம் உட்கார்ந்தேன். அலமாரியில் ஒரு காகிதக் கட்டு கிடந்தது. வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதையை வாரம் தவறாமல் கிழித்தெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து வைத்திருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்பு. சத்தம் போட்டு எழுத்துக் கூட்டினால்தான் எனக்குப் படிப்பு ஏறும். ஏதோ ஒரு கொலைகாரனின் கதை. பொய் மூட்டை.

"ஏங்க, எனக்கும் கேக்குற மாதிரி படிங்க," என்றாள் உள்ளேயிருந்து.

"உம் கொட்டுவியா? கொட்டலன்னா நிறுத்திடுவன்."

"கொட்டுறன், படிங்க. நீங்க எழுத்துக் கூட்டி முடிக்கறதுக்குள்ள என் ஜொரமே வுட்டுடும்."

எங்கள் பக்கத்தில் கதை சொன்னால் கேட்கிறவர் உம் கொட்டவேண்டும். உம் நின்றால் ஆள் தூங்கிவிட்டது என்று அர்த்தம். அதை வைத்துத்தான் நான் அவளைக் கணக்குப் பார்த்தேன். எழுந்து எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

முதல் நாள் உம் மெலிசாக வந்தது.

இரண்டாம் நாள் தெளிவாக வந்தது. காய்ச்சல் இறங்குகிறது என்று நினைத்தேன். மத்தியானம் கஞ்சி கொண்டுபோனேன். இருட்டில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"கஞ்சி வெச்சிருக்கன். எழுந்து குடிக்கிறியா?"

"உம்."

சாயங்காலம் பாத்திரம் காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் நான் வரியை முடிப்பதற்கு முன்பே உம் வந்தது. அவசரமாக, அதட்டுவதுபோல. நாக்கு வறண்டு நிறுத்தினால் மறுபடியும் ஓர் உம். நானும் படித்துக்கொண்டே போனேன். எவனையும் நம்பாதவன், அந்தச் சத்தத்தை நம்பினேன்.

நாலாம் நாள் காலையில் எதிர்வீட்டுச் செல்லாயி சுக்குக் கஷாயம் கொண்டுவந்தாள்.

"அண்ணி எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாதான் இருக்கா. கத கேட்டுக்கிட்டு கெடக்குறா. போய்ப் பாரு."

அவள் உள்ளே போனாள். நான் விட்ட இடத்திலிருந்து படித்தேன்.

"உம்."

அடுத்த வரி.

"உம்."

"அண்ணே." செல்லாயியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "படிக்காத."

"ஏன்?"

"அண்ணிக்கு நெனப்பே இல்ல. ஒடம்பு அனலா கொதிக்குது, பல்லு கிட்டிப்போச்சி. தாடைய நான்தான் புடிச்சிக்கிட்டு இருக்கன். அண்ணி வாய் தொறக்கல."

"அப்ப உம் கொட்டுனது யாரு?"



"உம்," என்று கேட்டது.

காகிதக் கட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். செல்லாயி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள், ஆனாலும் தாடையை விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தூக்கினோம். அந்தப் பக்கம் யாரோ இழுத்துப் பிடித்திருப்பதுபோல் கனத்தாள். தெருவில் தண்ணீர் ஓடியது. தெருமுனை அசாருதீன் ஆட்டோவைத் தள்ளிக்கொண்டே வந்து, தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

டாக்டரம்மா என்னைக் காறித் துப்பாத குறைதான். "ரெண்டு மூணு நாளா நினைவு தப்பிக் கிடந்திருக்காங்க. இன்னும் ஒரு ராத்திரி போயிருந்தா உசுரு இருக்காது. பக்கத்துல இருந்து நீங்க என்ன பண்ணீங்க?"



மூன்று நாள் கழித்துப் பட்டம்மாள் கண் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துப் பேசினாள்.

"கூப்புட்டுக்கிட்டே இருந்தன். வாயத் தொறந்தா அது கையால பொத்திட்டு, அது உம் சொல்லும். நீங்களும் படிச்சிக்கிட்டே இருந்தீங்க."

"ஜொரத்துல கனா கண்டிருப்ப."

"நாப்பத்திரண்டு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கன். எங்கொரல் எது, வேற கொரல் எதுன்னு உங்களுக்குத் தெரியலியா?"

அதற்குமேல் அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் புடவைகளை எடுக்க அந்த ஓட்டு வீட்டுக்குப் போனேன். மழை தூறலாகிவிட்டது. கூட வந்த ராஜ்கமல் தெருமுனையிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வரலியா மாப்ள?"

"செருப்பு நனைஞ்சிடும் மாமா."

நான் போட்ட கட்டு கூடத்து ஈரத்தில் ஊறிக் கிடந்தது. புடவைகளைப் பையில் திணித்தேன். உள்ளறையைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "எதுவா இருந்தாலும் வெளிய வா, பாக்கலாம்."

ஒன்றும் வரவில்லை. நாற்றம் மட்டும் இருந்தது. எலி செத்திருக்கும்.

பூட்டினேன். பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். பத்தடி நடந்திருப்பேன்.

கதவுக்குப் பின்னால் யாரோ படித்தார்கள்.

எழுத்துக் கூட்டி.

என் குரலில். நான் திணறிய இடத்தில் திணறி, இருமிய இடத்தில் இருமி.

ஒரு வரி முடிந்தது. அது நிறுத்திவிட்டுக் காத்திருந்தது.

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஓட்டுத் தண்ணீர் தகரத்தில் சொட்டினால் எத்தனையோ மாதிரி கேட்கும். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.