ஆளுக்கொரு குல்லா

"அக்கா, என் வீட்டுக்காரரைத் துரோகின்னு சொல்லி வேலையை விட்டு அனுப்பப் போறாங்க! அனுப்பப் போறது யாரு தெரியுமா? நம்ம முதலாளியேதான்!"

ஓடி வந்த தோழி நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். துப்பறிவதே தொழிலாகிவிட்ட அக்கா கையிலிருந்த வேலையை ஒதுக்கி வைத்தார். ஒரு காலத்தில் இவளும், இவள் கணவரும், முதலாளியும், அக்காவும் ஒரே அறையில், ஒரே கணினியில், இன்று முதலாளி விற்கும் மென்பொருளை எழுதியவர்கள். மற்றவர்களின் கடிதங்களை ரகசியக் குறியீடாக்கிப் பூட்டித் தரும் மென்பொருள் அது. அறைக்கு ஒரே ஒரு சிவப்புக் குல்லா; அது யார் தலையில் இருக்கிறதோ, அவர் மட்டும்தான் விசைப்பலகையைத் தொடலாம். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அடடா, என்ன சண்டை, என்ன சிரிப்பு! அந்த அறை இன்றும் அக்காவின் கனவில் வரும்.

தோழியோடு, கணினி தெரிந்த தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு அக்கா அலுவலகத்துக்குப் போனார். மூலையில் தோழியின் கணவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, உட்காரு. யாரையும் காக்க வைக்கிறது எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று முதலாளியே நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒவ்வொரு கடிதத்தையும் புது எண் போட்டுத்தான் பூட்டணும். ஒரே எண் ரெண்டுக்கு விழுந்தா, எதிரி ரெண்டையும் படிச்சிடலாம். இப்ப விழுந்திருக்கு. மென்பொருள்ல எண் எடுக்கிற இடத்தை யாருக்கும் தெரியாம மாத்தினது இவன்தான். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான்."

தங்கை கணினி முன் பாய்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, பாரேன்! மென்பொருளுக்குள்ள ஒரே நேரத்துல பல வேலை ஓடுதுல்ல, அதான் த்ரெட். எண் எடுக்கிற இடத்துல ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிப் பூட்டு இருந்திருக்கு. இவர் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒண்ணே ஒண்ணை விட்டுவச்சிருக்கார். கையும் களவுமா மாட்டிக்கிட்டார்!"

"பொறு. இவர் கழட்டின பிறகு ஒரு எண்ணாவது இரட்டிச்சுதா?"

தங்கை தேடிப் பார்த்தாள். "இல்லக்கா. எல்லாம் அதுக்கு முன்னாடிதான்."

"எல்லாம் களவு போன பிறகு வந்து கதவைச் சாத்திட்டுப் போற திருடனை நான் பாத்ததில்லை," என்ற அக்கா தோழியிடம் திரும்பினார். "முதலாளி வாங்கிட்டு வந்த குல்லா ஞாபகமிருக்கா?"

"மறக்க முடியுமா? நாம காத்துக் கிடக்கிறது பொறுக்காம ஆளுக்கொரு குல்லா வாங்கிட்டு வந்தார். எல்லாரும் ஒண்ணாத் தட்டி, செஞ்ச வேலையெல்லாம் பாழாப்போச்சு!"

"இங்கயும் அதே கதைதான். பூட்டு ஒண்ணா இருந்தா, ஒரு த்ரெட் எண் எடுத்து முடிக்கிற வரைக்கும் அடுத்தது நிக்கும். ஆளுக்கொரு பூட்டுன்னா யாருக்காக யாரு நிப்பாங்க? ரெண்டும் சேர்ந்தே நுழைஞ்சு ஒரே எண்ணை எடுத்துட்டுப் போகும். அதைச் சரி பண்ணத்தான் இவர் ஒரே பூட்டா மாத்தினார். ஆளுக்கொண்ணு குடுக்கிற தாராள மனசு யாருக்கு உண்டுன்னு நான் சொல்லணுமா?"

முதலாளியின் முகம் வெளுத்தது. "மெதுவா ஓடுதுன்னு வாடிக்கையாளர்கள் திட்டினாங்க. நான் பூட்டை அதிகமாத்தானே ஆக்கினேன்..." நண்பரிடம் திரும்பினார். "ஏண்டா சொல்லல?"

"எல்லார் முன்னாடியும் நீ அவமானப்படுறதை நான் எப்படிடா பாப்பேன்? நீயா புரிஞ்சுக்குவேன்னு காத்திருந்தேன்."

"காத்திருந்தாராம்! குடும்பமே தெருவுக்கு வந்திருக்கும்!" என்று வெடித்த மனைவிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

முதலாளி மேசை இழுப்பறையைத் திறந்தார். சாயம் போன பழைய சிவப்புக் குல்லாவை எடுத்து நண்பரின் தலையில் வைத்தார். பிறகு தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

"கடிதம் அனுப்பினவங்ககிட்ட தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன். நீ எல்லாத்தையும் ஒரு தடவை பாத்து முடிடா. அதுவரைக்கும் நான் எதையும் தொடல. காத்திருக்கேன்."