கறை போன கை

யாசரின் கை சுத்தமாக இருந்தது. ஹுஸ்னாவுக்கு உறுத்தியது அதுதான்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் போதும், அவன் கை மணிக்கட்டுவரை கருஞ்சிவப்பாகிவிடும். அருவிக்கரைக் கடைகளில் குளிக்க வந்தவர்கள் தின்றுபோட்ட மங்குஸ்தான் தோலை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து, மேலகரத்தில் வீட்டுக்குப் பின்தெருவிலிருந்த ஷெட்டில் அரைத்துத் தொட்டியில் கொட்டி, மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சுவார்கள் அவனும் கூட்டாளி ஜெகதீஸ்வரனும். டக், டக் என்று சத்தம் தெருமுனைவரை கேட்கும். தோல் தன் சாயத்தையும் மருந்துச் சத்தையும் தண்ணீரில் கக்கிவிட்டு வெளுத்துக் கிடக்கும். எலுமிச்சை போட்டுத் தேய்த்தாலும் போகாத கறை அது. அந்தக் கையோடு அவன் சோறு பிசையும்போது எத்தனை தடவை முகம் சுளித்திருப்பாள்!

"கறை எங்க போச்சு?"

"கழுவினேன்."

பச்சைப் பொய். வேலைக்கே போகவில்லையோ? வேறு எவள் வீட்டுக்காவது போய்வருகிறானோ? கழற்றிப்போட்ட சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள். புளித்த தோல் வாடைதான் அடித்தது.

அன்று தூக்கத்தில் அவன் அவளுடைய வலது கையைப் பிடித்துக்கொண்டான். விடிந்து பார்த்தால், நாத்தனார் கல்யாணத்துக்கு இரண்டு கையிலும் வைத்த மருதாணி இடது கையில் மட்டும்தான் சிவந்திருந்தது. வலது கை வெறுங்கை. விரல் நுனியெல்லாம் வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோலச் சுருங்கிக் கிடந்தது.

மத்தியானம் சாரல் அடித்தது. கரண்ட் போயிருந்தது. சாப்பிட வந்த யாசர் தொட்டிலிலிருந்த மர்ஜானாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். ஆறு மாதப் பிள்ளை, வாப்பாவைப் பார்த்துச் சிரித்தது.

"மாடியில துணி நனையுது, எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஹுஸ்னா நேரே ஷெட்டுக்கு நடந்தாள். ஜெகதீஸ்வரனிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஜெகதீஸ்வரன் ஷெட்டுக்குள் போகாமல் வாசலில் நனைந்துகொண்டு நின்றான்.

"மதினி, நானே வரணும்னு இருந்தேன். கரண்ட் போனாலும் மெஷினுக்குள்ள மிச்சக் கரண்ட் நிக்கும். எர்த் கம்பிய வச்சு அத எறக்கிட்டுத்தான் தொட்டியில கைய விடணும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு நேரமாச்சுன்னு அண்ணன் கம்பி வைக்காம கைய விட்டுட்டாரு. கரண்ட் அவர தூக்கி அடிச்சிட்டு. மூச்சே இல்ல. செத்துட்டாருன்னே நெனச்சேன். அப்புறம் எந்திச்சு சிரிச்சாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே தம்பி!"

"சொல்லக்கூடாதுன்னுட்டாரு. அன்னையிலேர்ந்து மெஷினே போடல மதினி. தோல் மேல சும்மா கைய வைக்காரு. சாறு தானா வருது."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். வெளுத்த தோல் குவியல். அதன்மேல் ஒரு பூனை கிடந்தது. காற்றுப்போன பைபோலத் தட்டையாக. ஷெட்டில் சுற்றும் கறுப்புப் பூனை.

இப்போது அது வெள்ளை.

அல்லாவே! பிள்ளையை அவன் மடியில் அல்லவா விட்டுவிட்டு வந்தாள்!

ஓடினாள். செருப்பு எங்கோ போனது. சாரல் கண்ணை மறைத்தது. தெரு முழுக்க இருட்டடைத்திருந்தது. எந்த வீட்டிலும் கரண்ட் இல்லை.

வாசலில் நின்றாள்.

டக்.

உள்ளேயிருந்துதான்.

டக். டக்.

பிள்ளையின் சத்தம் இல்லை. சிணுங்கல்கூட இல்லை. புளித்த வாடை. கதவைத் தள்ளினாள்.

அவன் அசையாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான். மடியில் மர்ஜானா. சுருட்டை முடி பஞ்சாய் வெளுத்திருந்தது. கண் திறந்திருந்தது. அதில் கருவிழி இல்லை.

சத்தம் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

"கறை எங்கன்னு கேட்டியே, ஏட்டி" என்றான். இரண்டு கையையும் விரித்து அவளிடம் நீட்டினான். மணிக்கட்டுவரை சிவப்பு.