அழியாத சனிக்கிழமை

திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்கு, உத்திரமேரூர் பள்ளித் துணை ஆய்வாளர் அலுவலக வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அதைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து தடாலென்று விழுந்தது. தூக்கி நிறுத்தக்கூடத் திரும்பிப் பார்க்காமல் அவர் உள்ளே ஓடினார். பியூன் முனியனுக்குக் காது விடைத்துக்கொண்டது.

முனியனுக்கு வயது நாற்பது. அரசாங்கத்தைக் கேட்டால் அவன் வேலை தபால் ஒட்டுவது, தண்ணீர் வைப்பது, ஆய்வாளரின் பெட்டியைச் சுமப்பது என்று சொல்லும். அவனைக் கேட்டால் துப்பறிவது என்பான். காஞ்சிபுரத்துப் பழைய புத்தகக் கடையில் மர்மக் கதை ஒன்றையும் அவன் விட்டுவைத்ததில்லை. ஆனால் பாவம், பதினைந்து வருஷ சர்வீசில் அவன் கையும் களவுமாகப் பிடித்த ஒரே குற்றவாளி, ஆபீஸ் பசையைத் தின்ற எலிதான்.

வந்தவர் ஏசுதாஸ், தாமரைப்பேடு தொடக்கப் பள்ளியின் உதவி ஆசிரியர். ஆய்வாளர் பாண்டுரங்கன் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"முதல்ல உட்காருங்க. முனியா, தண்ணி குடு."

"உட்கார நேரமில்ல சார். எங்க மதிய உணவுச் சமையல்காரி சொக்கம்மாளைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கப் போறாங்க. அண்டாவைத் திருடிட்டான்னு. அவ திருடல சார். சத்தியமா திருடல."

பித்தளை அண்டா அது. பள்ளிச் சீரமைப்பு மாநாட்டின்போது ஊரார் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஊர்ப் பெரிய வீட்டு ஆண்டாளம்மாள் கொடுத்தது அண்டா. காலமான கணவர் பேரை வெட்டிக் கொடுத்தாள். அறுபது பிள்ளைகளுக்குச் சோறு வேகிற அண்டா. இன்று காலை எட்டேகாலுக்குச் சொக்கம்மாள் சமையல் கூடத்தைத் திறந்தால், அண்டா இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. "ஐயோ, அண்டாவைக் காணோமே!" என்று கத்தியவளும் அவள்தான். இப்போது மாட்டிக்கொண்டவளும் அவள்தான்.

"பூட்டு உடைஞ்சிருந்ததா?" என்றார் பாண்டுரங்கன்.

"இல்ல சார். ரெண்டே சாவி. ஒண்ணு அவகிட்ட, ஒண்ணு தலைமையாசிரியர் தேவராஜன் சார்கிட்ட. அவர் சனிக்கிழமை மத்தியானம் பாத்திரமெல்லாம் பார்த்துப் பூட்டிட்டு, சாயங்கால பஸ்ல காஞ்சிபுரம் கிளம்பிட்டாராம், தங்கை மகள் கல்யாணத்துக்கு. இன்னிக்கு எட்டரை பஸ்லதான் திரும்பினார். நடுவுல சாவி இருந்தது இவகிட்ட மட்டும். சனிக்கிழமை அண்டா இருந்ததுன்னு செய்திப் பலகையிலயே எழுதியிருக்கார் சார், அதுக்கு மேல என்ன சாட்சின்னு கேக்கறாங்க."

"சனிக்கிழமை அவர் பள்ளியில இருந்ததை யார் பார்த்தாங்க?"

"ஊரே அறுப்புக்குப் போயிருந்தது சார். பள்ளிக்கூடம் ஏரிக்கரையில தனியா நிக்குது. லீவு நாள்ல யார் வர்றாங்க?"

"போலீஸ் எப்ப வரும்?"

"ஸ்டேஷனுக்கு ஆள் போயாச்சு. பன்னிரண்டுக்குள்ள வந்துடுவாங்க."

பாண்டுரங்கன் எழுந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "புதன்கிழமை வர்றதா இருந்தது. இன்னிக்கே போயிடலாம். முனியா, சைக்கிளை எடு."

முனியன் ஏற்கெனவே சைக்கிளின் மேல் இருந்தான்.

நாலு மைலும் மாசி வெயில். பள்ளி வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. வேப்பமரத்தடியில் மண் தரையில் சொக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள் சாவியை யாரோ பிடுங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள். ஓடிவிடப் போகிறாளென்று இரண்டு ஆட்கள் இருபுறமும் நின்றார்கள். எங்கே ஓடுவாள்? அவள் மகள் மலர்க்கொடி, ஐந்தாம் வகுப்புப் பெண், பள்ளித் தூணைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. முனியன் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணையே பார்த்தான். கதைப் புத்தகத்தில் இந்த மாதிரியெல்லாம் வராது.

ஆண்டாளம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "வாங்க ஐயா. என் வூட்டுக்காரர் பேரு வெட்டின அண்டா அது. அதை வித்துத் தின்னவளுக்கு ஜெயில்தான். யாரும் குறுக்க வரக்கூடாது."

சொக்கம்மாள் தலையைத் தூக்கினாள். "சாமி, எனக்குப் படிக்கத் தெரியாது. போன வாரம் எம்பொண்ணு ஓட்டத்துல ஜெயிச்சி வந்தா. இவ பேரைப் பலகையில எய்தப் போறாங்கன்னு வாத்தியாரு சொன்னாரு. நேத்து ஞாயித்துக்கெழம வந்து, எந்த எய்த்துன்னு தெரியாமலே பாத்துக்கினு நின்னேன். அதே பலகை என்னைத் திருடின்னு சொல்லுதா?"

ஆண்டாளம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் தேவராஜன் கைகூப்பியபடி வந்தார். சரிகைக்கரை வேட்டி, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், தோளில் மஞ்சள் தாம்பூலப் பை. நல்ல மனிதர் என்று பேரெடுத்தவர்தான். அன்று நெற்றியில் வேர்வை நிற்காமல் வழிந்தது.

"கல்யாணமெல்லாம் விசேஷமா நடந்ததா?" என்றார் பாண்டுரங்கன், அண்டாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல்.

தேவராஜன் முகம் மலர்ந்தது. "உங்க ஆசீர்வாதம் சார். ஞாயிறு விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம். ஐந்நூறு இலை விழுந்தது."

"பந்தல் பெரிசா?"

"தெருவை அடைச்சுப் பந்தல் சார். தாய்மாமன் நானாச்சே. பந்தக்கால் நட்டதே நான்தான். பாருங்க, கடப்பாரை பிடிச்சுக் கை கொப்பளிச்சுப் போச்சு."

"அடடா" என்றார் பாண்டுரங்கன். அவ்வளவுதான்.

முனியனுக்கு எரிச்சல் வந்தது. மணி பத்தரை ஆகிறது, இவர் கல்யாணக் கதை கேட்கிறார். அவன் பாட்டுக்குத் துப்பறியப் போய்விட்டான். பூட்டில் மெழுகு இருக்கிறதா என்று முகர்ந்தான். அடுப்புச் சாம்பலைக் கிளறித் தும்மினான். ஏரியை எட்டிப் பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சார், அண்டா ஏரிக்குள்ளதான் கீது. முங்கச்சொல்லி ஆளை விடலாமா?"

"ஏரியில முழங்கால் தண்ணிதான் இருக்கு முனியா. அண்டா இருந்தா விளிம்பு தெரியும்." அவர் செய்திப் பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தார். "இதைப் படி."

தாழ்வாரச் சுவரில் ஆளுயரத்துக்கு மாட்டிய கரும்பலகை. இடது பாதியில் தேவராஜனின் முத்து முத்தான கையெழுத்து.

இந்த வாரச் செய்திகள்.
திங்கள்: நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஏரிக்கரையில் இருபது வேப்பங்கன்றுகள் நட்டனர்.
புதன்: மாணவி மலர்க்கொடி உத்திரமேரூர் ஓட்டப் பந்தயத்தில் முதல் பரிசு பெற்றாள்.
சனி: தலைமையாசிரியர் சமையல் கூடப் பாத்திரங்களைச் சரிபார்த்தார். அண்டா உட்பட அனைத்தும் இருந்தன.

வலது பாதியில் வேறு கையெழுத்து. வரும் வாரம். புதன்: ஆய்வாளர் வருகை. வெள்ளி: விளையாட்டு விழா.

"அது நான் எழுதினது சார்" என்றார் ஏசுதாஸ். "இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு வந்து எழுதினேன். இடது பக்கம் அப்பவே எழுதியிருந்தது. சார் எப்பவும் சனிக்கிழமை எழுதிட்டுத்தான் ஊருக்குப் போவார்."

"பலகை நல்ல கறுப்பா இருக்கே."

"வெள்ளிக்கிழமை கடைசி மணியில பிள்ளைங்களை விட்டு ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைச்சுப் பூசினோம் சார். முடிக்கும்போது மணி அஞ்சு. ராத்திரி காயட்டும், யாரும் தொடாதீங்கன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

முனியன் புருவத்தை நெறித்தான். சனிக்கிழமை வரிக்கு அடியில் பழைய எழுத்து ஏதாவது மறைந்திருக்குமோ? தோளிலிருந்த துண்டை எடுத்து அந்த வரியை அழுத்தித் தேய்த்தான். ஓர் எழுத்தும் அசையவில்லை. கை வலித்ததுதான் மிச்சம். சலித்துப்போய்க் கையை வலது பக்கம் ஊன்றினான். 'ஆய்வாளர் வருகை' முழுவதும் வெள்ளைப் பொடியாகி அவன் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

"அடப்பாவி, சாரையே அழிச்சிட்டியே!" என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். முனியனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனால் பாண்டுரங்கன் சிரிக்கவில்லை. அவன் உள்ளங்கையையே பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

"முனியா, இன்னிக்கு நீ பெரிய காரியம் பண்ணிட்டே" என்றார். அவன் திருதிருவென்று விழித்தான்.

பதினொன்றரைக்குத் தூரத்தில் ஏரிக்கரை மேல் ஒரு சிவப்புத் தலைப்பாகை தெரிந்தது. போலீஸ்காரர் வந்துகொண்டிருந்தார். சொக்கம்மாள் அதைப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டு, "அய்வாத கண்ணு, நாஷ்டா கூடத் துன்னாம நிக்கிறியே" என்றாள். முனியனால் பொறுக்க முடியவில்லை.

"சார், வண்ட்டான் சார்! இன்னா சார் பண்றது?"

பாண்டுரங்கன் தாழ்வாரப் படியில் ஏறி நின்றார். குரலை உயர்த்தவில்லை. கூட்டம் தானாக அடங்கியது.

"எல்லாரும் ஒரு நிமிஷம் பலகைகிட்ட வாங்க. அம்மா, நீங்களும் வாங்க. இந்தப் பலகையில ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. ஏசுதாஸ் எழுதினது கை பட்டா உதிருது. தலைமையாசிரியர் எழுதினது துண்டு போட்டுத் தேய்ச்சாலும் போகல. ஒரே பலகை. சாக்பீஸும் ஒரே டப்பாதான். ஏன் இப்படி?"

அவர் பலகையை விரலால் தட்டிக் காட்டினார்.

"ஊமத்தை இலை பூசின பலகை காஞ்ச பிறகு எழுதினா, சுண்ணாம்பு மேலாக நிக்கும், துடைச்சா போகும். ஈரத்துல எழுதினா பூச்சோட சேர்ந்து காய்ஞ்சு உள்ளே பிடிச்சுக்கும். அடுத்த பூச்சு பூசற வரைக்கும் போகாது. பள்ளிக்கூடத்துல வேலை பார்க்கிற எல்லாருக்கும் இது தெரியும்."

"ஆமா சார்" என்றார் ஏசுதாஸ். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் மாறிவிட்டது.

"பூசினது வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு. மாசி மாசக் காத்துல ராத்திரிக்குள்ள காய்ஞ்சிருக்கும். அப்படின்னா இந்த இடது பக்கம் முழுக்க வெள்ளிக்கிழமை சாயங்காலமே எழுதினது. சனிக்கிழமைச் செய்தியையும் சேர்த்து. சனிக்கிழமை இன்னும் விடியவே இல்ல, பாத்திரமெல்லாம் சரியா இருந்ததுன்னு எழுதியாச்சு!"

கூட்டத்தில் சலசலப்பு. தேவராஜன் தாம்பூலப் பையை இறுகப் பிடித்துக்கொண்டார். "மறுநாள் எப்படியும் பார்க்கப் போறோமேன்னு முன்னாடியே எழுதினேன் சார். சனிக்கிழமை வந்து பார்த்தேன்."

"பார்க்கல. சனிக்கிழமை நீங்க இந்த ஊர்லயே இல்ல. பந்தக்கால் நட்ட பிறகுதானே பந்தல் போடுவாங்க? ஞாயிறு விடியற்காலை முகூர்த்தத்துக்குத் தெருவை அடைச்சுப் பந்தல் நிக்கணும்னா, கால் எப்ப நட்டிருக்கணும்? சனிக்கிழமை காலையில. சாயங்கால பஸ் ஏறினவர் கையில கொப்பளம் எப்படி வந்தது? நீங்க போனது வெள்ளிக்கிழமை பஸ்ல. அவசரம். பலகை காயற வரைக்கும் காத்திருக்க முடியல."

"ஒரு நாள் முன்னாடியே போனதை மறைச்சது தப்புதான் சார். அதுக்காக..."

"பத்து வருஷமா பள்ளிக்கூடத்துப் பலகை படிக்கிறேன் தேவராஜன். மரம் நட்டாங்கன்னு எழுதுவாங்க, பரிசு வாங்கினாங்கன்னு எழுதுவாங்க. அண்டா இருந்துச்சுன்னு எழுதினவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அண்டா இல்லைன்னு தெரிஞ்சவர்தான் அதை எழுதுவார்." பாண்டுரங்கன் ஒரு படி இறங்கினார். "ஐந்நூறு இலைக்குச் சாம்பார் எதுல காய்ச்சினீங்க?"

தேவராஜனின் கையிலிருந்து பை நழுவியது. தேங்காய் உருண்டு ஆண்டாளம்மாளின் காலருகில் போய் நின்றது.

"வாடகைப் பாத்திரக் கடையில பெரிய அண்டா கிடைக்கல சார்" என்றார். குரல் எழும்பவே இல்லை. "பஸ் மேல ஏத்திக்கிட்டுப் போனேன். நடுவுல யாராவது கேட்டா, உள்ளே பூட்டிக் கிடக்குன்னு நினைச்சுக்கட்டும்னுதான் எழுதினேன். கல்யாண வீட்டுல அண்டா இன்னும் ஒழியல. இன்னிக்கு இவளுக்கு முன்னாடி வந்து, சமையல் வேண்டாம்னு சொல்லி அனுப்பிடலாம்னு பார்த்தேன். பஸ் பங்க்சர். வந்து இறங்கினா ஊரே கூடி நிக்குது. எனக்கு வாய் வரல சார்."

"வாய் வரலியா?" முனியன் தன்னை மறந்து கத்தினான். "இவளைத் திருடின்னு சொல்ல மட்டும் வந்துச்சே!"

ஆண்டாளம்மாள் எழுந்து நின்றாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே தூக்கிக் குடுத்திருப்பேனே. அவர் பேருல நாலு பேர் சாப்ட்டா எனக்கு இன்னா கொறஞ்சிடும்?" என்றவள், மரத்தடியைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். அங்கே உட்கார வைத்தது அவள்தானே. போலீஸ்காரரிடம் தானே போய், "தப்பா சொல்லி அனுப்பிட்டேன், நீங்க போங்க" என்றாள். அப்புறம் ஆளைக் கூப்பிட்டு, "வூட்லேர்ந்து பெரிய தவலையை எடுத்தா. புள்ளைங்க பசியோட கீதுங்க" என்றாள்.

"சொக்கம்மா, போய் அடுப்பை மூட்டு" என்று யாரோ சொன்னார்கள், ஒன்றுமே நடக்காதது போல.

சொக்கம்மாள் எழுந்தாள். புடவையிலிருந்த மண்ணைத் தட்டினாள். அடுப்புப் பக்கம் போகவில்லை.

"மொதல்ல பலகை. அப்பறம் அடுப்பு" என்றாள்.

பாண்டுரங்கனுக்குப் புரிந்தது. "நியாயம்தான். தேவராஜன், உங்களைப் பத்தி என் அறிக்கை மேலே போகும். அதுக்கு முன்னாடி இன்னிக்கு நடந்ததைப் பலகையில எழுதுங்க."

தேவராஜன் சாக்பீஸை எடுத்தார். பலகையின் அடியில் ஒரு முழம் இடம் காலியாக இருந்தது. எழுதக் கையைத் தூக்கினார்.

"இரு சாமி" என்றாள் சொக்கம்மாள்.

பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்தாள். முந்தானையை அதில் நனைத்து, அந்த ஒரு முழ இடத்தையும் நிதானமாக, விடாமல் துடைத்தாள். ஊமத்தைப் பூச்சு இளகிக் கறுப்பாக மின்னியது.

"இப்ப எய்து. காஞ்சதுல எய்தினா நாளைக்கே எவனாச்சும் தொடச்சிட்டுப் பூடுவான்."

அவர் எழுதினார். முத்து முத்தான எழுத்து இந்தத் தடவை கோணிக்கொண்டு போயிற்று. எழுதி முடித்ததும் சொக்கம்மாள் மகளைக் கூப்பிட்டாள். மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, வகுப்பில் படிப்பதைப் போல உரக்கப் படித்தது.

"திங்கள்: சொக்கம்மாள் திருடவில்லை. அண்டாவை எடுத்துச் சென்றவர் தலைமையாசிரியர் தேவராஜன்."

"இதுல எது எம்பேரு?"

மலர்க்கொடி விரலால் காட்டியது. சொக்கம்மாள் அந்த எழுத்துகளுக்கு நேராகத் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டாள். தவலை வந்து இறங்கியது. அறுபது பிள்ளைகளும் தட்டோடு காத்திருந்தார்கள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. முனியன் மட்டும் ஓசைப்படாமல் போய், அடுப்பில் விறகை அடுக்கி வைத்தான்.

எழுத்து காய்ந்து வெளுத்த பிறகுதான் அவள் எழுந்தாள். ஒரு விரலால் தன் பேரைத் தேய்த்துப் பார்த்தாள். அழியவில்லை. அடுப்பை மூட்டப் போனாள்.