யாரோ போட்ட சட்டை

நூல் எரிந்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. குறை வாடையில் இருந்தது.

வள்ளித்தாய் சட்டையின் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, அடுப்பு மேடையில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினாள். பட்டாசு கம்பெனிக்குப் போகிற பெண்கள் எல்லாரும் செய்கிற சோதனைதான். நைலான் கலந்திருந்தால் நூல் உருகி உருண்டையாகும். அந்தத் துணி உரசினாலே பொறி கிளம்பும் என்று கம்பெனி கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பருத்தி என்றால் சாம்பலாகும். இது சாம்பலானது. ஊதினாள், பறந்தது.

"சுத்தமான காட்டன்தாம்த்தா. எம்புட்டு மெதுவா இருக்கு பாரு!"

நாலு நாளாகச் சளி பிடித்து அவளுக்கு மூக்கு அடைத்திருந்தது. மகள் பாண்டிச்செல்விக்கு மூக்கு நன்றாகவே இருந்தது. காகிதம் கருகுகிற வாடைதான் வந்திருக்க வேண்டும். வந்தது, தலைமுடி பொசுங்குகிற நாற்றம்.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா அடுத்த கேள்வி கேட்பாள். கேட்காமலும் இல்லை.

"எந்தக் கடையிலத்தா எடுத்த?"

"விருதுநகர்லம்மா. ஆஃபர்ல போட்டிருந்தாக. புதுசுதான்."

புதுசு இல்லை. அடுத்தவர் உடுத்திக் கழித்த துணியை வள்ளித்தாய் வாசப்படி தாண்ட விடமாட்டாள். போட்டிருந்தவர் எப்படிப் போய்ச் சேர்ந்தாரோ, இந்த வட்டாரத்தில் யார் கண்டது என்பாள். ஆனால் அவளுடைய வேலைச் சட்டை முதுகில் கிழிந்து தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் பஜார் ஓரம் தார்ப்பாயில் குவித்திருந்த பழைய துணிகளுக்கு நடுவே இந்த வெள்ளைச் சட்டை கையில் சிக்கியதும், பாண்டிச்செல்வி யோசிக்காமல் பிடித்துக்கொண்டாள்.

அங்கே கூட்டிப்போனவள் சுகிர்தா. கல்லூரித் தோழி. அப்பாவுக்கு மிளகாய் வத்தல் மண்டி, வசதிக்குக் குறைவில்லை; பழைய துணி மீது மட்டும் அப்படி ஒரு பித்து.

"புதுத்துணியை எவ வேணாலும் போடலாம்டி. பழசைத் தேடிப் போடுறதுலதான் கெத்து," என்றாள் சுகிர்தா.

"கெத்துதான். உங்கப்பா பார்த்தா மண்டிச் சாக்கைக் கிழிச்சு உனக்குப் பாவாடை தச்சுருவாக," என்றாள் கூட வந்த மாரிச்செல்வி.

சிரித்துக்கொண்டே சுகிர்தா அந்த வெள்ளைச் சட்டையைச் சுடிதார் மேல் மாட்டிக்கொண்டு, செல்ஃபிக்காக ஒரு சுற்றுச் சுற்றினாள். பாதியில் நின்றாள்.

"ஏய் மாரி, தோள்ல இருந்து கைய எடுடி. வலிக்குது."

மாரிச்செல்வி குவியலுக்கு அந்தப் பக்கம், இரண்டு கையிலும் ஒரு ஜீன்ஸைப் பிடித்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"தோள்ல கை போட ஆளில்லாம ஏங்கிக் கெடக்கா," என்றாள். மூவரும் சிரித்தார்கள். அதோடு மறந்தார்கள்.

மறுநாள் காலை வள்ளித்தாய் சேலைக்கு மேல் அந்தச் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டினாள். வெடிமருந்துத் தூசி சேலையில் ஒட்டாமலிருக்க எல்லாரும் அப்படித்தான் போவார்கள். தூக்குச்சட்டியோடு தெருமுனையில் கம்பெனி வேனை நோக்கி நடந்தவளை, பாண்டிச்செல்வி வாசலிலிருந்து பார்த்தாள். சட்டையின் இரண்டு தோளிலும் துணி பள்ளமாக அமுங்கியிருந்தது. பின்னாலிருந்து யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது போல.

கூப்பிட வாயைத் திறப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

பரீட்சைக்கான விடுமுறை. புத்தகம் மடியில் கிடந்தது, ஒரு வரி ஏறவில்லை. அடுப்பு மேடையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தாள், சன்னலைத் திறந்து வைத்துச் சாம்பிராணி காட்டினாள். அத்தனைக்கும் அடியிலிருந்து அந்த முடி பொசுங்கிய நாற்றம் ஈரத்துணி போலச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அவள் எந்த அறைக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. வெயில் ஏறி இறங்கியது. தாயில்பட்டித் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஃபேன் சுற்றுகிற சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. துணியை மெதுவாக உதறுகிற சத்தம். ஃபேனை நிறுத்தினாள். சத்தமும் நின்றது.

நாலு மணி போல ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் சுகிர்தா. முகம் செத்திருந்தது.

"செல்வி, அந்தச் சட்டைய எங்கன வச்சிருக்க?"

"ஏன்டி?"

சுகிர்தா கதவைச் சாத்திவிட்டுச் சுடிதாரின் கழுத்தை இறக்கித் தோளைக் காட்டினாள். நாலு விரல் தடம். வெள்ளி நிறத்தில். பட்டாசுக்குள் போடுகிற சில்வர் பவுடர் ஒட்டினால் தோல் எப்படி மினுங்குமோ, அப்படி. முதுகுப்பக்கம் கட்டைவிரல்.

"எங்க வீட்ல யாருடி பட்டாசு கம்பெனிக்குப் போறாக? எனக்கு எப்படி ஒட்டும்? நேத்து ராத்திரியிலருந்து தேய்க்கிறேன், போகவே இல்ல. தண்ணி பட்டா அந்த இடம் மட்டும் உள்ள வரைக்கும் குளுருதுடி. அங்கன சதையே இல்லாத மாதிரி."



"அம்மா போட்டுட்டுப் போயிருக்காடி."

"போனைப் போடு! கழட்டச் சொல்லு!"

எங்கே போட? கம்பெனிக்குள் செல்போன் கூடாது. அம்மாவின் போன் டி.வி. பக்கத்தில் கிடந்தது.

"வண்டிய எடு," என்றாள்.

வாசலுக்கு ஓடினார்கள். சுகிர்தா சாவியைப் போட்டாள்.

அப்போது கேட்டது.

ஒரே ஒரு சத்தம். காதில் விழுவதற்கு முன் காலுக்கடியில் வந்த சத்தம். சன்னல் கண்ணாடி அதிர்ந்து ஓய்ந்தது. மரத்துக் காக்கைகள் மொத்தமாக எழும்பின. அடைத்துக் கிடந்த கதவுகள் எல்லாம் திறந்தன. பெண்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் புகை? அது ஒன்றுதான் இந்த ஊரில் கேள்வி.

மேற்கே எழும்பியது. வெள்ளையாக. நேராக.

அம்மாவின் கம்பெனி மேற்கேதான். அந்தப் பக்கம் இன்னும் ஏழெட்டுக் கம்பெனிகள் உண்டு. ஏழெட்டு உண்டு என்று பாண்டிச்செல்வி தனக்குள் திரும்பத் திரும்பச் சொன்னாள். தெரு மொத்தமும் முனையை நோக்கி ஓடியது. ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மறுபடி. ஆகவில்லை.

"செல்வி..."

வீட்டுக்குப் பின்னாலிருந்து குரல்.

"ஏத்தா செல்வி, தண்ணி எடுத்து வையி."

அம்மா!

வீட்டுக்குள் விழுந்தடித்து ஓடிப் பின்கதவைத் திறந்தாள். துவைக்கிற கல் மேல் வள்ளித்தாய் உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து பாதம் வரை சில்வர் பவுடர். சாயங்கால வெயிலில் கண் கூசியது. பாண்டிச்செல்விக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின.

"எம்மா! வந்துட்டியாம்மா! நம்ம கம்பெனி இல்லைல்ல?"

"எங்களத்தான் முன்னாடியே அனுப்பிட்டாகளே. மேலெல்லாம் மருந்தாக் கெடக்கு. கழுவாம எப்படி உள்ள வர? ஊத்துத்தா."

"அந்தச் சட்டையக் கழட்டும்மா மொதல்ல."

"ஊத்து. தானா வரும்."

வாளியில் மொண்டு அம்மாவின் வலது கையில் ஊற்றினாள். சில்வர் கரைந்து பளபளவென்று கல்லில் ஓடியது. வள்ளித்தாய் சோப்பை எடுத்துப் பதறாமல் தேய்த்தாள். விரல்கள் கழுவி முடிந்தன.

விரல்கள் இல்லை.

சில்வர் போன இடத்தில் கல் தெரிந்தது. கல்லின் ஈரம் தெரிந்தது. சோப்பு அந்தரத்தில் நின்று, இல்லாத மணிக்கட்டைச் சுற்றி நுரைத்தது.

பாண்டிச்செல்வியின் கை தானாக இன்னொரு தடவை மொண்டது. நிறுத்த முடியவில்லை. ஊற்றியது. முழங்கை போயிற்று. ஊற்றியது. நெற்றி போயிற்று. ஒரு கண். அதன் வழியே பின்சுவரின் செங்கல்.

முன்வாசலில் ஓலம் கேட்டது. நிறையப் பெண்கள். மேற்கேயிருந்து வந்து, ஒவ்வொரு வீடாகத் தாண்டி, இந்த வீட்டு வாசலில் நின்றது. "செல்வி! வெளிய வராத... உங்கம்மாவச் சொல்லித்தான் அழுதுட்டு வர்றாகடி..." சுகிர்தாவின் குரல் உடைந்தது.

கல் மேல் சட்டை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தோளும் மார்பும் நிறைந்து, பொத்தான் மாட்டியபடி. கழுத்துக்கு மேலே பாதிக் கன்னமும் பாதி உதடும் மட்டும் வெள்ளியாக மினுங்கின.

"முதுகுக்கு எட்டல," என்றது அந்தப் பாதி உதடு, அம்மாவின் குரலில். "செத்த தேய்ச்சு விடு தாயி."