பதினொரு மீற்றர்

நாலு மணிகூட ஆகவில்லை. ஒஸ்லோவின் விளிம்பில், எல்லிங்ஸ்ருட்டின் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் நின்ற காடு அதற்குள் கறுத்துப்போயிருந்தது. மூன்றாம் மாடியில், குசினி மேசையில் கணனியை வைத்து வேலை விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தாள் சுஜானி. பக்கத்தில் கிடந்த கைபேசி ஒருதரம் அதிர்ந்தது. தூன் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டதாம். ‘அருகில் இருப்பவர்கள்’ என்று புதிய வசதி ஒன்று வந்திருக்கிறதாம். ஏனோ திறந்து பார்த்தாள். பட்டியலில் ஒரேயொரு பெயர்தான் இருந்தது.

‘இருக்கிறன்.’ பதினொரு மீற்றர்.

அந்தக் கணக்கை அவள் தன் கையாலேயே அழித்திருந்தாள். மூன்று வருடங்களில் நானூறு தடவைக்கு மேல் அழித்திருந்தாள்.

ஒஸ்லோத் தமிழரில் பாதிப்பேர் தூனில்தான் கிடந்தார்கள். கோயில் திருவிழா அறிவித்தல், வாடகை வீடு, கலியாணப் படம் எல்லாமே அதில்தான். தமிழில் வரும் முறைப்பாடுகளைப் பார்ப்பது சுஜானியின் வேலை. மத்திய நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடமொன்றில் பதினான்கு பேர் இருந்து, மற்றவர்கள் காணக்கூடாததை எல்லாம் தாங்கள் கண்டு அழித்துக்கொண்டிருந்தார்கள். ஏழு வருடம் அப்படிப் போனது. இலையுதிர் காலத்தில் நிறுவனம் கைமாறியது. புதிய முதலாளி முதல் வேலையாக, தடை செய்யப்பட்ட அத்தனை கணக்குகளுக்கும் விடுதலை என்று அறிவித்தார். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை பதினான்கு பேருடைய நுழைவு அட்டைகளும் ஒரே நேரத்தில் செத்துப்போயின. அதற்குப் பிறகு தூனின் பங்கு விலை ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வேறு இரண்டு நிறுவனங்களும் அதே மாதத்தில் தங்கள் ஆட்களை அனுப்பிவிட்டன. ஏழு வருடமாக அவள் செய்த வேலை இந்த நகரத்தில் இப்போது எங்கேயும் இல்லை.

‘இருக்கிறன்’ என்ற அந்தக் கணக்குக்குப் படம் கிடையாது, நண்பர் கிடையாது. வீட்டிலிருந்து நேரலையில் கதைக்கும் பெண்களின் பதிவுகளுக்குக் கீழே தன் பெயரையே ஒரு சொல்லாக எழுதிவிட்டுப் போகும். திட்டாது, மிரட்டாது. நகரின் இன்னொரு பகுதியான ரொம்சோசில் இருந்து சிறிதேவி என்றொரு பெண் அதைப்பற்றி முறைப்பாடு எழுதினாள். இது வெளியே இருந்து எழுதுகிற ஆள் இல்லை, வீட்டுக்குள்தான் நிற்கிறது, எனக்குச் சத்தம் கேட்கிறது என்று எழுதினாள். விதி எதுவும் மீறப்படவில்லை என்ற வழக்கமான பதிலைத்தான் சுஜானி அனுப்பினாள். அடுத்தடுத்து அவளிடமிருந்தே இன்னும் ஐந்து முறைப்பாடுகள் வந்தன. பிறகு வரவில்லை. சிறிதேவியின் பக்கத்தில் அதற்குப் பின் ஒரு பதிவும் இல்லை. அன்றிலிருந்துதான் சுஜானி விதியைப் பார்க்காமல் அந்தக் கணக்கை அழிக்கத் தொடங்கினாள். அழிக்க அழிக்க அது மறுபடி வந்தது. அழித்த ஒவ்வொரு முறையும் யார் அழித்தது என்ற பதிவில் அவளுடைய பெயர் ஏறியது.

ஒன்பது மீற்றர்.

அவளுடைய வீட்டின் முழு நீளமே ஒன்பதுதான். குசினியில் இருந்து நடை, நடையின் கடைசியில் படுக்கையறை. சுஜானி எழும்பாமல் காதைக் கொடுத்தாள். வெப்பமூட்டியின் குழாய்க்குள் தண்ணீர் சலசலத்தது, கீழ்வீட்டு வயோதிபர்களின் வானொலி முணுமுணுத்தது, வெளியே பனி வழிக்கும் இயந்திரம் தெருவைச் சுரண்டிக்கொண்டு போனது. இவை எல்லாவற்றுக்கும் அடியில், வீட்டுக்குள்ளேயே, ஈரக் காலுறையோடு யாரோ பலகைத் தரையில் காலைத் தூக்காமல் இழுப்பது போல மெல்லிய ஒரு சத்தம். அது நின்றது. நின்ற இடத்தில் ஒரு மூச்சு கேட்டது. ஒருவர் கதைக்கத் தொடங்குமுன் உள்ளே இழுக்கும் மூச்சு. இழுத்தது, கதைக்கவில்லை. மறுபடி இழுத்தது. நனைந்த கம்பளியும் பழைய இரும்பும் சேர்ந்தாற்போல் ஒரு மணம் நடையில் இருந்து வந்தது.

நடை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அங்கே யாரும் இல்லை.

ஆறு மீற்றர்.

அவள் அந்தப் பெயரை அழுத்தினாள். முன்பு ‘தடைசெய்’ என்று இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பேச்சுக்குத் தடை இல்லை என்று போன வாரம் அறிவித்திருந்தார்களே. அதற்குப் பதிலாகப் புதிய பொத்தான் ஒன்று இருந்தது: ‘சத்தம் அடக்கு’. மொழிபெயர்த்தவர்களையும் அனுப்பிவிட்டார்கள், இது இயந்திரத்தின் தமிழ். கால் இழுபடும் சத்தம் குசினி வாசலை நெருங்கியது. அவள் யோசிக்கவில்லை. அழுத்தினாள்.

‘இனி இவருடைய சத்தம் உங்களுக்குக் கேட்காது. இவர் உங்களைத் தொடர்ந்து பார்க்கலாம்.’

சத்தம் நின்றது.

வெப்பமூட்டி கேட்டது. வானொலி கேட்டது. தெருவும் கேட்டது. காலடி மட்டும் இல்லை, மூச்சும் இல்லை. போய்விட்டது என்று நினைத்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

நான்கு மீற்றர்.

மணம் கூடியிருந்தது.

அவள் லதீசனுக்கு அழைப்பு எடுத்தாள். வேலையில் பக்கத்து மேசையில் இருந்தவன், நோர்வேயிலேயே பிறந்து வளர்ந்தவன், இப்போது நகரின் தென்கோடியில் ஹவுகெட்டோவில் தனியே இருக்கிறான். வெகுநேரம் அடித்த பிறகுதான் எடுத்தான். அவள் பெயரைச் சொல்லி முடிக்குமுன்னரே, எத்தனை மீற்றர் என்று கேட்டான். சொன்னாள்.

“மியூட் பண்ணினனீங்களோ அக்கா?”

“ஓம்.”



“நானும் பண்ணினனான். பண்ணியிருக்கக்கூடாது. சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் எங்கை நிக்குதெண்டாவது தெரிஞ்சிருக்கும்.”

அடக்கியதைத் திரும்ப எடுக்கலாமா என்று அவள் கேட்டாள். ஏலாது என்றான். காட்சிப்படம், கடவுச்சொல், கணக்கு, தொலைபேசி என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டானாம். அவனுடைய குரல் பக்கத்தில் யாரோ நித்திரை கொள்வதுபோல அடங்கிக் கிடந்தது. உனக்கு இப்ப எத்தனை மீற்றர் என்று கேட்டாள்.

“இனி எனக்கு எடுக்காதேங்கோ அக்கா. நான் கதைக்கேக்கை ஆரோ வாய்க்குக் கிட்ட வந்து நிண்டு பாக்கிற மாதிரிக் கிடக்கு.”

தொடர்பு அறுந்தது.

அபிஷா. எட்டு வயது மகள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அங்கேயே விளையாடிவிட்டு, நாலேகாலுக்குத் தன்பாட்டில் நடந்து வருவாள். ஐந்து நிமிட வழி. தகப்பன் தர்மிகன் பஸ் ஓட்டுகிறவன். இரவு ஒன்பதுக்கு முன் வரமாட்டான். பிள்ளை இந்த வீட்டுக்குள் வரக்கூடாது. சுஜானியின் தலைக்குள் அது ஒன்றுதான் இருந்தது. ஜக்கெட்டை இழுத்துக்கொண்டாள், சப்பாத்தின் நாடாவைக் கட்டவில்லை. நடையைக் கடக்கும்போது இடது கன்னத்தில் குளிர் அடித்தது. ஜன்னல் எதுவும் திறந்திருக்கவில்லை.

படிகளில் இறங்கினாள். ஒவ்வொரு மாடியிலும் விளக்கு தானாக எரிந்தது. இரண்டாம் மாடியில் இருந்து திரும்பிப் பார்த்தாள். அவள் விட்டுவந்த மூன்றாம் மாடி விளக்கு அணைந்தது. பிறகு, யாரோ கீழே கடந்ததுபோல், மறுபடி எரிந்தது.

வெளியே சைபருக்குக் கீழே பதினாலு பாகைக் குளிர். மூக்குக்குள் உறைந்தது. தெருவிளக்குகளின் கீழே பனி மஞ்சளாகக் கிடந்தது. தாய்மார் இரண்டு பேர் பிள்ளைகளைச் சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்குள் ஓடிப்போய் நின்றுகொள்ளலாம் என்று தோன்றியது. போய் என்ன சொல்வது? விதி எதுவும் மீறப்படவில்லையே.

திரையைப் பார்த்தாள்.

ஒரு மீற்றர்.

வீட்டில் இல்லை. அது வீட்டுக்காக வந்ததும் இல்லை. அவளோடுதான்.

பின்னால் பார்த்தாள். பனியில் அவளுடைய சப்பாத்தின் தடம் மட்டும். அவள் பார்த்துக்கொண்டு நின்றபோதே கைபேசி குளிரில் செத்தது. திரை கறுத்தது. இனித் தூரமும் தெரியாது.

மேட்டில் அபிஷா வந்துகொண்டிருந்தாள். முதுகில் பை, மேலே ஒளிரும் மஞ்சள் உடுப்பு, கையில் சிவப்புக் கையுறைகள். தாயைக் கண்டதும் ஓடி வந்தாள். பத்தடி தூரத்தில் நின்றாள். அவளுடைய பார்வை தாயின் முகத்தில் இல்லை. தோளுக்கு மேலே, கொஞ்சம் இடப்பக்கமாக இருந்தது. பெரியவர்கள் கேள்வி கேட்டால் கவனிப்பதுபோலத் தலையைச் சரித்துக்கொண்டு நின்றாள். தலையாட்டினாள். ஏதோ சொன்னாள்.

“ஆரோடை கதைக்கிறாய்?”

பிள்ளை சிரித்தாள். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்தாள்.

“அவரோடைதான். அவர் உங்களிட்டைக் கேட்டுக்கொண்டே வந்தவராம், பிள்ளையின்ரை பேர் என்ன எண்டு. நீங்கள் சொல்லேல்லையாம்.”

சுஜானி ஓரடி முன்னால் வைத்தாள்.

“அதுதான் நான் சொன்னனான்.”

அவள் பாய்ந்து பிள்ளையின் வலது கையைப் பிடித்தாள். இழுத்தாள். தெருவுக்குக் குறுக்கே, நிலக்கீழ் ரயில் நிலையத்தின் வெளிச்சத்தை நோக்கி ஓடினாள். சனம் இருக்கும். வெளிச்சம் இருக்கும். ரயில் இருக்கும். மூச்சு வெள்ளையாகப் பறந்தது. நாடா கட்டாத சப்பாத்து வழுக்கியது. விழவில்லை. அபிஷாவும் விழவில்லை. அழவில்லை. ஏன் ஓடுகிறோம் என்று கேட்கவும் இல்லை. இடையிடையே நோர்வேஜியத்தில் “யா” என்றாள். பிறகு “ஓம்” என்றாள். தாயிடம் அல்ல.

பிள்ளைக்குப் பாரமே இல்லை. இழுக்க வேண்டியே இருக்கவில்லை.

நிலைய வாசல் விளக்கின் கீழே சுஜானி திரும்பினாள்.

அபிஷாவின் இடது கை தோளுக்கு மேலே உயர்ந்திருந்தது. காற்றில் அப்படியே நின்றது. சிவப்புக் கையுறையின் விரல்கள் நசுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, இறுகிக்கொண்டிருந்தன.